இருநூற்றில் ஒரு பங்கு விக்ராந்த்

தெரிசனங்கோப்பு
9 ஜூன் 2024

நந்தனா மக்ளே,

இதை நீ பிரிப்பாயோ, அப்படியே அடுப்பில் போடுவாயோ தெரியாது. போனில் முயன்றேன். எங்கள் வீட்டு எண் எதுவும் உனக்கு வராதபடி செய்து வைத்திருக்கிறாய். அதில் எனக்கு வருத்தமில்லை. போனில் பேசினாலும் எனக்குக் கேட்காது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதுக்கு ஆள் நேரே நின்று சொன்னால் பாதி பிடிபடும். கப்பலில் விமானங்களுக்குக் கொடுத்த காதை இந்த வயதில் திருப்பிக் கேட்க முடியாது.

விஷயம் கப்பல்தான். நீ போனபிறகு, நாம் சேர்ந்து செய்துவந்த மாதிரி விக்ராந்தைத் துணி போட்டு மூடினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. போன வாரம்தான் எடுத்தேன். அடியுடல் நன்றாக இருக்கிறது. ரப்பர் மரத்தில் பூச்சி விழவில்லை. புகைபோக்கியும் மாஸ்டுமாக நீ செய்த மேற்கட்டு அப்படியே நிற்கிறது. மேல்தளம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. விமானம் இல்லாத விமானந்தாங்கி, சாப்பாட்டு மேசை போலத்தான் இருக்கிறது.

ததேயுஸ் வந்திருந்தான். உனக்கு நினைவிருக்கும், என்னோடு விக்ராந்தில் வேலை பார்த்த குளச்சல்காரன். டிசம்பர் நாலு கடற்படை தினத்துக்கு ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து நாகர்கோவிலில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். "உன் கப்பலைக் கொண்டாவோய்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகு சீ ஹாக் போர் விமானம் ஒன்றை மரத்தில் செதுக்கிப் பார்த்தேன். இறக்கை முறிந்தது. இன்னொன்று செய்தேன். அதுவும் முறிந்தது. கை நடுங்குகிறது மக்ளே. எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ இங்கே வரவேண்டும் என்று கேட்கவில்லை. விமானங்களை மட்டும் செய்து தருவாயா? மற்ற விஷயம் எதையும் எழுத எனக்குத் தெரியவில்லை.

அய்யம்பெருமாள்


திற்பரப்பு
20 ஜூன் 2024

அய்யம்பெருமாள் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்தபோது கப்பல், காது, ததேயுஸ் சார். உங்களுக்கு எழுத வேறு ஒன்றுமே இல்லையா?

உங்கள் மகன் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். மனைவி தன் விருப்பத்தின் பேரில் வீட்டைவிட்டு இறங்கிப் போனாள், பலமுறை அழைத்தும் திரும்பி வர மறுத்துவிட்டாள் என்று அதில் எழுதியிருக்கிறது. வக்கீல் வாசித்துக் காட்டியபோது, வேறு யாரையோ பற்றிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விவாகரத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துபாயில் அவருக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறது என்று தெரிந்தபிறகு எனக்கு எதற்கு அந்த உறவு? ஆனால் நானாக ஓடிப்போனேன் என்ற பேரோடு நான் வெளியே வரமாட்டேன். அன்று நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தப் பெண் யார் என்று கேட்டேன். என் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார். "இறங்கு" என்றார். அத்தை அடுக்களைக்குள் போய்விட்டார்கள். நீங்கள் கையில் பிரஷ்ஷோடு கூடத்தில் நின்றீர்கள். பிரஷ்ஷில் சாம்பல் நிறப் பெயிண்ட். அது சொட்டாமல் இருக்க அடியில் கையை வைத்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது.

எனக்கு நேரமும் இல்லை. பழையபடி பல் செட் செய்யும் வேலைக்குப் போகிறேன், குலசேகரத்தில். விமானம் செய்ய வேறு ஆளைப் பாருங்கள்.

நந்தனா

பி.கு: சின்ன இறக்கையை மரத்தில் செய்தால் முறியத்தான் செய்யும். அந்த அளவுக்கு மரம் சரிப்படாது. மேற்கட்டை வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள். உள்ளே மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன்.


தெரிசனங்கோப்பு
2 ஜூலை 2024

நந்தனா மக்ளே,

மேற்கட்டை வடக்கு ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன்.

நீ எழுதியது எல்லாம் நடந்ததுதான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அனில் எனக்கு ஒற்றை மகன். அவன் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன், நீ போனபிறகு. "அப்பா உங்க வேலையப் பாருங்க" என்றான். அதற்குமேல் என்ன செய்ய? கோர்ட்டில் ஏறி நின்று பெற்ற மகனுக்கு எதிராகப் பேசுகிற அப்பனை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. உன் மாமியார் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். வயது எழுபத்துமூன்று. நான் எங்கே போக?

உன் கோபம் நியாயம். என் நிலைமையும் ஒரு நிலைமைதான்.

மரம் சரிப்படாது என்றால் எது சரிப்படும் என்றாவது எழுது. அதற்கு உன் நேரம் அதிகம் போகாது. சீ ஹாக்கின் பழைய வரைபட நகல் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அய்யம்பெருமாள்


திற்பரப்பு
21 ஜூலை 2024

அய்யம்பெருமாள் அவர்களுக்கு,

இத்துடன் ஒரு சீ ஹாக். பஞ்சைப் பார்த்துப் பிரியுங்கள். இது ஒன்றுதான்.

உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். "எது சரிப்படும் என்றாவது எழுது" என்று எழுதிவிட்டீர்கள். எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கம் வந்தது. எழுதுவதைவிடச் செய்வது எளிது என்று செய்துவிட்டேன்.

பல் செட்டுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்தான். முதலில் மெழுகில் செதுக்கினேன், கடைவாய்ப்பல் செதுக்குகிற அதே கருவியால். பிறகு பிளாஸ்டரில் அச்செடுத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அக்ரிலிக்கை ஊற்றி வெந்நீரில் வேகவைத்தேன். ஈறுக்கு வரும் இளஞ்சிவப்புப் பொடிதான் மிச்சம் இருந்தது. அதனால் பெயிண்ட் அடிக்குமுன் உங்கள் போர் விமானம் ரோஜா நிறத்தில் இருந்தது. லேப் வைத்திருக்கும் ஆன்ஸ்லின் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது யாருக்க வாய்க்கு?" என்றார்.

இறக்கைகளை மேலே மடக்கி வைத்திருக்கிறேன். மடங்கும் இடத்தில் பித்தளைக் கம்பி உள்ளே ஓடுகிறது. முறியாது.

நந்தனா


தெரிசனங்கோப்பு
5 ஆகஸ்ட் 2024

நந்தனா மக்ளே,

விமானம் சேதமில்லாமல் வந்தது. மேசையில் வைத்து, கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தேன். ததேயுஸிடம் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கியவன் திருப்பித் தரவே மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

குறைகளை எழுதுகிறேன். வால் கொக்கி இல்லை. அது இல்லாமல் இறங்கினால் கம்பியில் மாட்டாது, நேரே கடலுக்குள் போகும். மேல் நிறம் இன்னும் கடுமையான சாம்பல். அடிப்பக்கம் நீ அடித்தது சரி. மூக்குச் சக்கரம் கொஞ்சம் பெரிது.

இதற்கெல்லாம் கோபப்படாதே. நான் அந்த விமானங்களைத் தள்ளி நகர்த்தியவன். அவற்றின் அடிவயிறு எனக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் போருக்காக வங்கக்கடலுக்குப் போகும்போது எனக்கு இருபது வயது. நாலு கொதிகலனில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை வைத்துக்கொண்டுதான் கப்பல் போயிற்று. மேல்தளத்தில் பேச்சே கிடையாது. அந்த இரைச்சலில் வாயால் சொல்லி ஒன்றும் ஆகாது, எல்லாம் கைதான். வா, நில், திரும்பு எல்லாம் கையில். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் கைகளைக் குறுக்கே போட்டுத் தலைக்குமேல் தூக்க வேண்டும். அதற்கு அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற பையன் தூக்கினாலும் விமானம் நிற்கும். கேள்வியெல்லாம் பிறகுதான். நான் ஒரு தடவை தூக்கியிருக்கிறேன். போய்ப் பார்த்தால் வெறும் எண்ணெய்க்கறை. ஆனாலும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "தூக்கினது சரிதான்" என்றார்கள்.

இன்னும் சில விமானம் வேண்டும். ஒன்று மட்டும் என்று நீ எழுதியதைப் படித்தேன். இருந்தாலும் கேட்கிறேன்.

அய்யம்பெருமாள்


திற்பரப்பு
18 ஆகஸ்ட் 2024

அய்யம்பெருமாள் அவர்களுக்கு,

மூக்குச் சக்கரம் பெரிதில்லை. நீங்கள் அனுப்பியிருந்த பழைய வரைபட நகலை அளந்துதான் செய்தேன். உங்கள் நினைவு தவறு, வரைபடம் சரி. வால் கொக்கியை ஒத்துக்கொள்கிறேன்.

மேல்தளத்தில் கையைத் தூக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவர் வாய்க்கு எடுத்த அளவில் இன்னொருவருக்குப் பல் கட்டிவிட்டேன்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இருபது வயதில், வெறும் எண்ணெய்க்கறைக்காக, கப்பல் முழுக்க அதிகாரிகள் நிற்கும்போது உங்களால் கையைத் தூக்க முடிந்தது. எழுபது வயதில், சொந்தக் கூடத்தில் ஏன் முடியவில்லை? அங்கே உங்களைவிடப் பெரிய அதிகாரி யாரும் இல்லையே.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி நாகர்கோவிலில் வழக்கு விசாரணை. உங்கள் மகன் அதற்காக லீவில் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். என் பக்கம் சொல்ல நானும் அம்மாவும்தான். அம்மா அன்று அங்கே இல்லை. உங்களை வரச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் எழுதினேன்.

மூன்று விமானங்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. கொக்கியோடு.

நந்தனா


தெரிசனங்கோப்பு
26 ஆகஸ்ட் 2024

நந்தனா மக்ளே,

உன் வக்கீலின் பெயரையும் அலுவலகம் இருக்கும் இடத்தையும் எழுது. போன் எண் வேண்டாம். நேரில் போகிறேன்.

அய்யம்பெருமாள்


திற்பரப்பு
22 செப்டம்பர் 2024

மாமா,

உங்களுக்குப் பாதி கேட்டிருக்காது. அதனால் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் உள்ளே வந்ததும் உங்கள் மகன் எழுந்து நின்றார். தன் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. சாட்சி சொல்லுமிடத்தில் நீங்கள் ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். நீதிபதியம்மா மெல்லத்தான் கேட்டார்கள். உங்களுக்குக் கேட்காததால் எழுத்தர் வந்து உங்கள் இடது காதருகே நின்று சொன்னார். நீங்கள் பதில் சொன்ன குரல் இருக்கிறதே, அது கப்பல் மேல்தளத்துக் குரல். கதவைச் சாத்தியிருந்தும் வெளியே வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அம்மா சொன்னாள்.

"அவ இறங்கிப் போகல்லம்மா. என் மகன் பெட்டியத் தூக்கி வெளிய வச்சான். இறங்குன்னான். நான் அங்கனதான் நிண்ணேன். நிண்ணு பாத்தேன்."

அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து, "உங்களுக்குத்தான் காது கேக்காதே பெரியவரே, அவங்க என்ன பேசினாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார். எழுத்தர் அதையும் உங்கள் காதில் சொன்னார்.

"காது கேக்காது சாரே. கண்ணு தெரியும்லா? பெட்டி தானா நடந்தா போச்சு?"

எழுத்தர் சிரிப்பை அடக்க இருமினார். நீதிபதியம்மா தலையைக் குனிந்து எழுதினார்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் இறங்கும்போது படியில் கால் இடறியது. யாரும் பிடிக்கவில்லை, உங்கள் மகனும் எழவில்லை. நான் எழுந்தேன். அதற்குள் நீங்கள் சுவரைப் பிடித்து நின்றுவிட்டீர்கள். வெளியே வந்து தேடியபோது பஸ்ஸுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மறுநாளே அவர் வக்கீல் என் வக்கீலைக் கூப்பிட்டார். அந்த மனுவைத் திரும்பப் பெறுகிறார்கள். நான் ஓடிப்போனேன் என்ற வாசகம் எங்கேயும் இருக்காது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாகப் புதிதாக எழுதப்போகிறோம். எனக்கு அது போதும்.

அது முடிந்தபிறகு நீங்கள் எனக்கு மாமா இல்லை என்று சட்டம் சொல்லும். வேறு எப்படிக் கூப்பிட என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மாமா.

வீட்டில் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா?

நந்தனா


தெரிசனங்கோப்பு
6 அக்டோபர் 2024

நந்தனா மக்ளே,

சாப்பிடுகிறேன். உன் அத்தை என்னிடம் பேசுவதில்லை. தட்டை மேசையில் ஓங்கி வைக்கிறாள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அதனால் சாப்பாட்டு நேரம் தவறுவதில்லை.

அனில் அன்று ராத்திரியே துணிமணியை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். துபாய்க்குக் கிளம்பும் அன்று வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நான் வாசலில் நின்றேன். என்னைத் தாண்டித்தான் காரில் ஏறினான். கஷ்டமாகத்தான் இருக்கிறது மக்ளே, மறைக்கவில்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவுக்கு வரும் என்னைப் பார்க்க ரயில் நிலையத்தில் நடைமேடை முழுக்க ஓடிவருவான். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்காவது என்னோடு பேசுவான் என்று நினைக்கிறேன். பேசாவிட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான். இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஊரில் கூட, நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. கோயில் பக்கம் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடையில் இன்னொருவர் என் டீயைத் தன் கணக்கில் எழுதச் சொன்னார்.

இனி கப்பல். நீ அனுப்பிய விமானங்கள் எல்லாம் வந்தன. அவற்றை ஒட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளைத் தளத்தின் குறுக்கே கட்ட வேண்டும். கிட்டார் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். என் கையால் ஆகாது. ஓரத்து வலை, பீரங்கிகள், ஏணிகள், எல்லாம் மிச்சம்.

இந்த வீட்டுக்குள் நீ திரும்ப வரவேண்டாம். நான் யோசித்துவிட்டேன். கப்பல் அங்கே வரும். ஆன்ஸ்லினிடம் கேட்டு, அவர் லேபில் ஒரு மேசை தருவாரா என்று எழுது. மூன்றரை அடி நீளம்தான். ததேயுஸ் கூட வருகிறான்.

அய்யம்பெருமாள்


திற்பரப்பு
17 நவம்பர் 2024

மாமா,

கப்பலை இங்கே கொண்டுவரும்போது பஸ்ஸில் முறிந்த மாஸ்டை மாற்றிவிட்டேன். இனி அது போன விஷயம். நீங்களும் ததேயுஸ் சாரும் இன்னும் அதற்காக ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதாக அவர் போனில் சொன்னார். பஸ்ஸில் அவ்வளவு பெரிய பெட்டியைப் பின் சீட்டில் நடுவே வைத்துக்கொண்டு நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் என்று வந்ததே பெரிது. கண்டக்டர், "சாரே, உள்ள என்ன சவமா?" என்று கேட்டதையும், நீங்கள் "கப்பல்" என்றதையும், அவர் "அப்பம் கடல்ல விட்டுருந்தா டிக்கெட் மிச்சம்லா" என்றதையும் ததேயுஸ் சார் இங்கே எல்லோரிடமும் நடித்துக் காட்டிவிட்டார். பல் கட்ட வந்தவர்கள் வாயை மூட முடியாமல் சிரித்தார்கள்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா உங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள் என்று வருத்தப்பட வேண்டாம். நீங்கள் போனபிறகு, "அவருக்கு ஒரு காப்பி கூடக் குடுக்கல்லியே" என்று அவளேதான் சொன்னாள். அடுத்த தடவை வாருங்கள், கிடைக்கும்.

இனி வேலை. கம்பிகள் கட்டியாயிற்று. வலை, பெண்கள் தலைமுடிக்குப் போடும் நெட்தான்; சாம்பல் பெயிண்டில் முக்கி இழுத்து ஒட்டினால் உண்மை வலை போலவே இருக்கிறது. உங்களைக் கேட்காமல் ஒன்று செய்தேன். மேல்தளத்தில் ஆட்களை நிறுத்திவிட்டேன். ஒருவர் எட்டு மில்லிமீட்டர். கையைத் தூக்கி விமானத்துக்கு வழிகாட்டும் சிலருக்கு மஞ்சள் மேலங்கி. படம் இத்துடன். கப்பல் எவ்வளவு பெரிது என்று ஆள் நின்றால்தானே தெரியும்? வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். மேற்கட்டின் படத்தை ததேயுஸ் சார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார். கொச்சியில் கப்பல் கம்பெனிகளுக்கு மாதிரிக் கப்பல்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையாம். டிசம்பர் நாலாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் நம் கண்காட்சி. தேதியை மாற்றக் கேட்கட்டுமா?

நந்தனா


தெரிசனங்கோப்பு
21 நவம்பர் 2024

நந்தனா மக்ளே,

தேதியை மாற்றக் கேட்காதே. நீ கொச்சிக்குப் போ. கப்பலை நானும் ததேயுஸும் பார்த்துக்கொள்கிறோம். இந்தத் தடவை வேன் பிடித்திருக்கிறோம்.

ஆட்கள் நிற்கட்டும். படத்தில் முன்னால் நிற்கும் மஞ்சள் மேலங்கிக்காரனை இடதுபுறம் நகர்த்து. அந்த இடத்தில் நின்றால் இறக்கை அவன் தலையில் இடிக்கும்.

அய்யம்பெருமாள்


தெரிசனங்கோப்பு
6 டிசம்பர் 2024

நந்தனா மக்ளே,

கண்காட்சி நல்லபடி முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் மூக்கு பட்ட அடையாளம் துடைத்துத் துடைத்து என் கை வலித்தது. எழுபத்தொன்றில் கொதிகலன் அறையில் இருந்த ஒருவர் கேரளத்திலிருந்து வந்திருந்தார். கப்பலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு தளத்தின் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "காற்று வாங்க மேலே வந்தால் இங்கேதான் நிற்பேன்" என்றார். நான் அவருக்கு ஒரு நாற்காலியை அந்த இடத்துக்கு நேரே இழுத்துப் போட்டேன்.

பலகையில் பெயர் எழுதும்போது ஒரு சங்கடம் வந்தது. உன் பெயரையும் என் பெயரையும் அடுத்தடுத்து எழுதச் சொன்னேன். எழுதுகிறவர், "நந்தனான்னா யாரு, உங்க மகளா, மருமகளா?" என்று கேட்டார். ததேயுஸ் என் முகத்தைப் பார்த்தான். மகள் என்றால் உன் அப்பன் அம்மாவுக்கு மரியாதை இல்லை. மருமகள் என்றால் இன்னும் கொஞ்ச நாளில் அது உண்மையும் இல்லை, உனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. நான் சொன்னேன், "ஷிப்மேட்டு." ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ததேயுஸ், "அது சரிதான், எழுதும்" என்றான். அவர் அப்படியே எழுதிவிட்டார். உனக்கு ஆட்சேபனை இருந்தால் சொல்.

மத்தியானத்துக்குப் பிறகு உன் அத்தை வந்தாள். நான் கூப்பிடவில்லை. தானாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இத்தனை வருடம் வீட்டுக்குள் கிடந்த கப்பலை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவள் போலக் குனிந்து பார்த்தாள். செப்டம்பருக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"இதுல அவ செஞ்சது எது?"

"பறக்கது எல்லாம் அவ செஞ்சது. மிதக்கது நான் செஞ்சது."

நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு என் நல்ல காதுப் பக்கம் வந்து சொன்னாள்: "இவ்ளோ சின்னதையெல்லாம் செஞ்சா கண்ணு போயிரும். நல்ல வெளிச்சத்துல இருந்து செய்யச் சொல்லும் அவகிட்ட."

சொல்லிவிட்டேன்.

கொச்சியில் என்ன ஆயிற்று?

அய்யம்பெருமாள்


கொச்சி
20 ஜனவரி 2025

மாமா,

பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதம் என்று கோபப்படாதீர்கள். தங்குமிடம் தேடுவதிலேயே நாட்கள் போயின. தோப்பும்படியில் ஒரு ஹாஸ்டல் கிடைத்தது. ஜன்னல் பெரிது, நல்ல வெளிச்சம் வருகிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள். நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

பட்டறையில் எங்களில் நான் ஒருத்திதான் பல் லேபிலிருந்து வந்தவள். மற்றவர்கள் கணினியில் வரைந்து மெஷினில் வெட்டுகிறார்கள். அதை நானும் கற்றுக்கொள்கிறேன். அவர்கள் என்னிடம் மெழுகில் செதுக்கக் கேட்டு வருகிறார்கள். முதலாளி நம் விக்ராந்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை சரியாக எப்படி? யார் சொல்லித் தந்தது?" என்றார். யாரும் சொல்லித் தரவில்லை, ஒருவர் குறை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றேன். பலகையில் எழுதியதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. இங்கே நண்பர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறேன்.

விவாகரத்து உத்தரவு போன வாரம் கைக்கு வந்தது. பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆனதால் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லவில்லை. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். அழுவேன் என்று நினைத்திருந்தேன். பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிப் படகில் போனேன். வழியில் கடற்படைக் கப்பல் ஒன்று நின்றது. விக்ராந்த் போலப் பெரிதில்லை, சின்னக் கப்பல்தான். ஆனாலும் கிட்ட வர வர உயர்ந்துகொண்டே போனது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். இருநூற்றில் ஒரு பங்கைத் தடவித் தடவி ஐந்து வருடமாகப் பழகியவள் நான். உண்மைக் கப்பலை அதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த உயரத்தில், கைப்பிடிக்குப் பின்னால், இருபது வயதில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். எவ்வளவு பயமாக இருந்திருக்கும், எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லை. விமானத்தின் அடிவயிற்றைத்தான் எழுதினீர்கள்.

அதை எனக்கு நேரில் கேட்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாருங்கள். நாகர்கோவிலில் காலையில் ரயில் ஏறினால் போதும், நான் நிலையத்தில் நிற்பேன். அத்தையையும் கூப்பிடுங்கள். வருவார்களோ மாட்டார்களோ, நான் கூப்பிட்டேன் என்று தெரியட்டும். மூன்று பேரும் அந்தப் படகில் ஏறுவோம். நீங்கள் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம் மாமா. என்ஜின் போடும் இரைச்சலில் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள்.

நந்தனா